சிறுநீரகக் கல்: தட்டைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்போம்

சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் அடுத்த நிமிடமே ஒரு பட்டியல் வந்துவிடும். “தக்காளியைத் தொடாதீங்க மதினி, அந்த விதைதான் உள்ளே போய்க் கல்லாகுது” என்றார் எதிர்வீட்டுக்காரர். “பால், தயிர் பக்கமே போகாத, எல்லாம் சுண்ணாம்புச் சத்து” என்றார் பெரியம்மா. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கத்தரிக்காய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படத்தையே அனுப்பிவைத்தார். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?” என்று கேட்கவில்லை. “சோத்துல எவ்வளவு உப்பு போடுற?” என்றும் கேட்கவில்லை. கல்லை வளர்ப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும்தான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் தக்காளி விதையை முடித்துவிடலாம். நாம் விழுங்கும் விதை குடல் வழியே போய் மலத்தோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்குப் போக அதற்கு வழியே கிடையாது. கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் தக்காளியில் குறைவு, 100 கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். அதே 100 கிராம் பாலக்கீரையில் பல நூறு மில்லிகிராம் இருக்கிறது. ரசத்திலும் சாம்பாரிலும் போடுகிற தக்காளியைப் பார்த்துப் பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. கல் எப்படி உருவாகிறது என்று டாக்டர் விளக்கியபோது எனக்கு உப்பளம்தான் கண்முன் வந்தது. உப்பளத்தில் உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். அண்ணாச்சிமார் அடிக்கடி மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள்; இது சூட்டின் டிகிரி இல்லை, உப்புநீரின் அடர்த்தி. ஏறத்தாழ 25 டிகிரி வரும்வரை உப்பு கண்ணில் படாது. அந்த அளவைத் தொட்டதும் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே, டிகிரி இன்னும் குறைவாக இருக்கும்போதே, ஜிப்சம் படிந்துவிடும். உப்புநீரில் புதிதாக எதையும் யாரும் சேர்ப்பதில்லை. தண்ணீர் குறைந்ததுதான் காரணம். சிறுநீரகத்துக்குள் நடப்பதும் இதுவே. கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் எல்லோருடைய சிறுநீரிலும் எப்போதும் இருப்பவைதான். அவற்றைக் கரைத்துவைக்கப் போதுமான தண்ணீர் இல்லாமல் போகும்போது படிகம் விழுகிறது. விழுந்த படிகம் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் வளர்கிறது.

கற்களில் பத்துக்கு எட்டு கால்சியம் கற்கள். அவற்றிலும் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். யூரிக் அமிலக் கல் பத்தில் ஒன்று போல இருக்கும். சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்பச் சிறுநீரில் தொற்று வருபவர்களுக்கு வேறொரு வகைக் கல் வரும், அது வேகமாக வளரும். பரம்பரையாக வரும் சிஸ்டின் கல் மிக அரிது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஒரு வகைக்குச் சொல்லும் சாப்பாட்டு யோசனை இன்னொரு வகைக்குப் பொருந்தாது. அதனால் வெளியே வந்த கல்லைத் தூக்கி எறியாதீர்கள். கல் இறங்கும் நாட்களில் பழைய டீ வடிகட்டி ஒன்றை வைத்துச் சிறுநீரை வடிகட்டினால் போதும், மணல் போல வந்தாலும் சிக்கும். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே இந்தப் பரிசோதனையைப் பலரும் கேட்பதே இல்லை. கேட்டால் செய்து தருவார்கள்.

வலியைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை, வந்தவர்களுக்குத் தெரியும். விலாவின் பின்பக்கம் தொடங்கி முன்வயிற்றைச் சுற்றி அடித்தொடைவரை இறங்கும். அலை அலையாக வரும். உட்கார முடியாது, படுக்க முடியாது, வாந்தி வரும். சிறுநீரகத்தில் இருக்கும்வரை சத்தமில்லாமல் இருக்கும் கல், அங்கிருந்து இறங்கிச் சிறுநீர்க்குழாயில் மாட்டும்போதுதான் இந்தப் பாடு. அந்தக் குழாய் ஒரு சாண் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், உள்ளகலம் சில மில்லிமீட்டர்தான். 5 மி.மீ.க்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். 10 மி.மீ.யைத் தாண்டினால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. என்னுடையது 6 மி.மீ., சிறுநீர்ப்பைக்கு அருகே வந்து நின்றுவிட்டது. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, குழாயைத் தளர்த்த டாம்சுலோசின் மாத்திரை என்று சில வாரம் பார்த்தார்கள். நகரவில்லை. லேசரால் உடைத்து எடுத்து, டி.ஜே. ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்பினார்கள். ஸ்டென்ட் இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் முட்டும், போகும்போது விலாவில் இழுக்கும். அது வழக்கமானதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சொன்ன தேதியில் போய் எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டது என்று ஸ்டென்டை மறந்தவர்களுக்கு அதன்மேலேயே கல் படிந்து, பெரிய அறுவைச் சிகிச்சை வரை போயிருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் வீட்டில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் தொற்று தேங்கி நிற்கிறது என்று அர்த்தம், அது உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும், கர்ப்பிணிக்கு இந்த வலி வந்தாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வந்தாலும் அப்படியே.

இனி தண்ணீர். கல் வந்தவர்கள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதைவிட, எவ்வளவு சிறுநீர் போக வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் என்பது இலக்கு. அலுவலகத்தில் ஏசியில் இருப்பவருக்கு அதற்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். அக்னி நட்சத்திரத்தில் வெளிவேலை பார்ப்பவருக்கு நாலு, ஐந்து லிட்டர்கூடத் தேவைப்படும், பாதி வியர்வையாகவே போய்விடுமே. எனவே கையில் இருக்கும் பாட்டிலைவிடச் சிறுநீரின் நிறத்தை நம்பலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

இத்தாலியின் பார்மா நகரில் செய்த ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. முதல்முறை கல் வந்த 199 பேரில் ஒரு பாதியினருக்குத் தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள், மறுபாதியினரிடம் ஒன்றும் சொல்லவில்லை. 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியிருந்தது. மருந்து இல்லை, பத்தியம் இல்லை, வெறும் தண்ணீர்.

இது இவ்வளவு எளிது என்றால் ஏன் நடப்பதில்லை? பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, அதிலும் தண்ணீர் வரும் நேரம் குறைவு. இடைவேளை பத்து நிமிடம். அதில் வரிசையில் நிற்பதா, அடுத்த வகுப்புக்கு ஓடுவதா? காலையில் ஒரு டம்ளரோடு கிளம்பி, மாலை வீடு வந்து தண்ணீர் குடிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பழக்கம். பேருந்தில் வெகுதூரம் போய்வரும் பெண்கள், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்கள், பந்தோபஸ்துக்கு நிற்கும் பெண் போலீசார் எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். தாகத்தை அடக்குவது சிறுநீரை அடக்குவதற்கான முன்னேற்பாடு. உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள் நிலை இன்னும் மோசம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், வெப்பத்தோடு சேர்ந்து சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடே குறைந்திருப்பது பதிவாகியிருக்கிறது. இவர்களிடம் போய் “நிறைய தண்ணி குடிங்கம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை. தண்ணீரும் கழிப்பறையும் சேர்ந்தால்தான் அது மருத்துவ ஆலோசனை. 2019-இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கிய ‘வாட்டர் பெல்’ வழக்கம் இங்கும் வந்திருக்கிறது, மிகவும் நல்லது. அந்த மணி அடித்ததும் குழந்தை குடிக்கும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வெளியே போக வேண்டுமே, அதற்குச் சுத்தமான கதவுள்ள கழிப்பறை இருக்கிறதா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம்தான் கேட்க வேண்டும்.

தண்ணீரைப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குடிப்பது நல்லது. இரவில் படுக்கும் முன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் இன்னும் அரை டம்ளர். இரவு முழுக்கச் சிறுநீர் கெட்டியாகிற நேரம் அது. போர் தண்ணீர் குடித்தால் கல் வரும் என்று ஒரு பயம் உண்டு. உப்புத்தன்மையால் குடிக்கப் பிடிக்காமல் குறைவாகக் குடித்தால் அது கெடுதல்தான். மற்றபடி எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு என்பதே பெரிது. பீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். அது அப்போதைக்குச் சிறுநீரைக் கூட்டி, அப்புறம் உடம்பை வறளவிடும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். சர்க்கரை போட்ட கோலா பானங்களும் கல்லுக்கு உதவி செய்பவைதான்.

எலுமிச்சை நல்லது. அதிலிருக்கும் சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதை ஆக்சலேட்டோடு சேரவிடாமல் தடுக்கும். டாக்டர்கள் தரும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தின் வேலையும் அதுதான். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் இந்த மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கல்லையே கரைத்துவிடலாம், கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எலுமிச்சை என்றாலே உப்பு போட்ட லெமன் சோடாதான். அங்கேதான் கெடுகிறது.

உப்பு எப்படிக் கல்லுக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் பாதிப் பேர் மாறுவார்கள் என்று நினைக்கிறேன். சிறுநீரகத்தில் சோடியமும் கால்சியமும் சேர்ந்தே நடக்கும். சோடியம் அதிகமாகி அதை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகும். ஒரு நாளில் சுமார் 6 கிராம் உப்பு கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கால்சியம் கூடுகிறது. உலக சுகாதார அமைப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நம் வீட்டுத் தட்டில் என்னென்ன இருக்கிறது? கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், உப்பு போட்ட மோர், சாயங்காலம் மிக்சர், காராச்சேவு. சோறு வடிக்கும்போதே உப்பு போடும் வீடுகளும் உண்டு. கல் வந்தவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படி விட்டவர்கள் மாதம் தாண்டுவதில்லை. எங்கள் வீட்டில் சோற்றிலும் மோரிலும் உப்பு போடுவதை நிறுத்தினோம். ஊறுகாய் பாட்டில் மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. கருவாடு எப்போதாவது, அன்றைக்கு அப்பளம் இல்லை. சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது. இப்போது ஓட்டல் சட்னிதான் கரிக்கிறது.

அடுத்தது பால். பெரியம்மா சொன்னதை டாக்டரிடம் கேட்டேன். “பாலை நிறுத்தாதீங்கம்மா, நிறுத்தினா கல் இன்னும் சேரும்” என்றார். கால்சியத்தைக் குறைத்தால் கால்சியம் கல் எப்படிக் கூடும் என்று யாருக்கும் குழப்பம் வரும். விஷயம் குடலில் நடக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வந்து சேரும். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்தது. உணவில் கால்சியம் அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கல் வரும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே பார்மா குழு 2002-இல் இன்னும் தெளிவாகக் காட்டியது. சிறுநீரில் கால்சியம் அதிகம் போய்த் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மறுபாதிக்கு வழக்கமான அளவு கால்சியம், உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. 5 ஆண்டில் முதல் குழுவில் 23 பேருக்குக் கல் திரும்பியது, இரண்டாவது குழுவில் 12 பேருக்கு. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் தெருக்களில் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாதவிடாய் நின்ற பெண்கள் இதைக் கேட்டுப் பாலையும் தயிரையும் விட்டால் எலும்பும் சேர்ந்து தேயும். கால்சியம் மாத்திரை கதை வேறு, அதைச் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது. டாக்டர் எழுதினால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சலேட் அதிகமுள்ளவை என்று பார்த்தால் பாலக்கீரை முதலில். தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளிலும் நிறைய. பீட்ரூட், பாதாம், முந்திரி, வேர்க்கடலை, சாக்லேட், கட்டன் சாயா என்கிற பால் சேர்க்காத டீ. கீரையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையக்கூடிய ஆக்சலேட்டில் நல்ல பகுதி போய்விடும். கீரை சாப்பிடும் நேரத்திலேயே தயிரும் சேரட்டும். உடம்புக்கு நல்லது என்று தினமும் காலையில் பாலக் ஜூஸ் குடிப்பதும், ஒரு கை பாதாம் தின்பதும்தான் கல் வந்தவர்களுக்கு ஆகாது. இலும்பன் புளி என்கிற பிலிம்பிக்காயை வடிகட்டிச் சாறாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகமே திடீரென்று பழுதான சம்பவங்கள் கேரளத்தில் பதிவாகியிருக்கின்றன. எல்லாம் ஆக்சலேட்டால் வந்த வினை. ஊறுகாயில் ஒரு துண்டு வேறு, டம்ளர் நிறையச் சாறு வேறு. வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் ஒரு கிராம் அளவுக்குப் போடுபவர்களும் கவனிக்க வேண்டும், உடம்பு அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றுகிறது.

வாழைத்தண்டைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரை முடியாது. அதோடு சிறுபீளை, நெருஞ்சில். சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்கு இவை நெடுங்காலமாக இருக்கின்றன, அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். வாழைத்தண்டுக் கூட்டு எங்கள் வீட்டில் அடிக்கடி உண்டு. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உருவாகிவிட்ட கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து அலோபதியிலும் கிடையாது, வாழைத்தண்டு அதைக் கரைக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்றும் கிடையாது. சின்னக் கற்கள் தானாகவே இறங்கிவிடுபவை. அந்த வாரம் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சாறு குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதைக் குடித்துக்கொண்டே ஸ்கேன் எடுக்காமல் மாதக்கணக்கில் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. வலி அடங்கிவிட்டால் கல் போய்விட்டது என்று எல்லோரும் நம்புகிறோம். அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் மரத்துப்போவது உண்டு. உள்ளே சிறுநீரகம் வீங்கி மெல்லப் பழுதாகும், வெளியே ஒன்றும் தெரியாது. சாறு குடித்தாலும் மாத்திரை போட்டாலும், கல் வெளியே போனது ஸ்கேனில் உறுதியாக வேண்டும்.

மீன், கறி பற்றிச் சுருக்கமாக. விலங்குப் புரதம் அதிகமானால் யூரிக் அமிலம் ஏறும், சிட்ரேட் குறையும். ஈரல், நெத்திலி, சாளை போன்றவற்றில் யூரிக் அமிலமாக மாறும் பொருள் கூடுதல். கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று வேளையும் வேண்டாம், ஒரு வேளை போதும் என்பது நடக்கக்கூடிய பேச்சு.

ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் திரும்ப வருகிறது. அதனால் இரண்டாவது முறை வந்தவர்களும், சின்ன வயதில் வந்தவர்களும் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு நாள் முழுக்கச் சேகரித்த சிறுநீரில் அளவு, கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம் எல்லாம் பார்ப்பார்கள். எனக்குக் கல் வந்த சமயம் எடுத்ததில் மொத்தச் சிறுநீரே ஒரு லிட்டரைத் தொடவில்லை, சோடியம் உச்சத்தில் இருந்தது, ஆக்சலேட் சாதாரணம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆக்சலேட் கூடியிருக்கலாம், இன்னொருவருக்கு யூரிக் அமிலம். பொதுவான பட்டியலைவிட அந்த ஒரு தாள் நமக்குச் சரியாகச் சொல்லும்.

கல் குடும்ப வழியாகவும் வரும். என் தம்பி கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறான். வெப்பமான ஊருக்கு மாறியவர்களுக்குக் கல் சீக்கிரமே வருகிறது. குவைத், ஈராக் பகுதிக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க ராணுவத்தினரில் கல் வந்தவர்களைப் பார்த்தபோது, போய்ச் சேர்ந்து சராசரியாக 93 நாளில் வலி தொடங்கியிருந்தது. கத்தாரில் ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளிவேலைக்குத் தடை இருக்கிறது. மீதி நேர வெயிலும் வெயில்தான். அவனிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன்: இரவில் படுக்கும் முன் தண்ணீர், கேம்ப் சாப்பாட்டில் ஊறுகாய்க்குப் பதில் தயிர், எனர்ஜி டிரிங்க் வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்கப் பேசிவைத்திருக்கிறோம்.